தம்பியின் டிராக்டருக்கு நான் அனுப்பிய அதிர்வுப் பிடி

1

2025 ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை. இங்கே காலை ஒன்பது இருபது, மானாம்பதியில் பகல் பன்னிரண்டு ஐம்பது. இங்கே தூறல், பதினாறு டிகிரி. அங்கே மண்டையைப் பிளக்கும் வெயில் என்று பிறகு சொன்னார்கள். நான் அந்த வாரத்து மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நாளுக்கு ஐந்து, ஏழு நாளைக்கு முப்பத்தைந்து. முப்பத்து நாலுதான் இருந்தது. மேசைக்கடியில் குனிந்து தேடும்போது போன் அடித்தது. தம்பி மகன் முருகேசன்.

"பெர்ப்பா, அப்பா டிராக்டர ரிவர்ஸ்ல வுட்டு பக்கத்து கழனி தனபால் மோட்டார் ரூம இடிச்சிட்டாரு."

"ஆளுக்கு ஏதாவது?"

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. எறங்கி நின்னுக்கினு கீறாரு. தனபால் சம்சாரம் தொட்டியாண்ட துணி தொவச்சிக்கினு இருந்திச்சி. செவுரு வுழ சொல்ல எகிறி குதிச்சி, முழங்கை பேந்துபோச்சி. அவ்ளோதான். நல்ல நேரம்."

"எப்படிடா இடிச்சான்? பின்னால் கண் வைத்திருக்கிறதே, அது சொல்லவில்லையா?"

"சொல்லிச்சாம். உங்க மிஷினு 'ரைட்டு, வா'ன்னு சொல்லிச்சாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கினு கீறாரு."

2

உத்திரமேரூர்ப் பக்கத்தில் என்னைத் தெரிந்தவர்கள் இப்போது அதிகம் இருக்க மாட்டார்கள். மானாம்பதியில் பிறந்து, காஞ்சிபுரத்தில் படித்து, முப்பத்தாறு வருடம் முன்பு ஜெர்மனிக்கு வந்தேன். வடக்கே ஒரு சிற்றூர். விவசாய இயந்திரங்களுக்குப் பற்சக்கரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இருபத்தெட்டு வருடம் அதைத்தான் செய்தேன். இப்போது வயது எழுபத்து மூன்று. எதையும் எண்ணாமல் இருக்க முடியவில்லை. இந்த வீட்டுக்கு மாடிப்படி பதினேழு.

எண்ணுகிறவனுக்கு இந்த நாட்டு மொழி ஒரு தண்டனை. எண்பத்தேழு என்பதை இவர்கள் 'ஏழும் எண்பதும்' என்று சொல்வார்கள். கேட்கும்போதே கை எழுபத்தெட்டு என்று எழுதிவிடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் யாராவது போன் நம்பர் சொன்னால் இரண்டு தடவை கேட்டு, அப்புறமும் தப்பாக எழுதுகிறேன். போன மாதம் பல் டாக்டருக்குப் போட்ட போன் ஒரு பூக்கடைக்குப் போனது. அந்தப் பெண் பொறுமையாக, "யாருக்குப் பூ?" என்று கேட்டாள். பல் வலி என்றேன்.

ஏகாம்பரம் என்னைவிட ஆறு வயது சின்னவன். மானாம்பதியை விட்டுப் போகாதவன். முப்பத்தொரு வருடமாக டிராக்டர் ஓட்டுகிறான். சொந்த நிலம் நாலு ஏக்கர், அதைத் தவிர சுற்றுவட்டாரத்தில் கூலிக்கு உழவு. சாலவாக்கம் வரைக்கும் அவனுக்கு வேலை வரும். வரப்போரம் ஒரு சாண் கூட விடாமல் உழுவான் என்று பெயர்.

இரண்டு வருடம் முன்பு கண் டாக்டர் அவனுக்குக் கண்ணில் நீர் அழுத்தம் என்று சொன்னார். பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. போனது திரும்பாது, சொட்டு மருந்து போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். நேரே பார்த்தால் தெரியும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கீழேயும் தெரியாது. "பைப்புல கண்ண வச்சி பாக்கற மாரி கீதுண்ணா," என்றான். ரோட்டில் ஓட்டுவதை அன்றே நிறுத்திவிட்டான். கழனியை மட்டும் விடவில்லை.

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் முருகேசன், டிராக்டரை விற்றுவிடலாம் என்றான். அப்பனும் மகனும் பதினோரு நாள் பேசவில்லை. இரண்டு பேரும் தனித்தனியாக எனக்குப் போன் செய்து மற்றவர்மேல் புகார் சொன்னார்கள். நான் இரண்டு பேருக்கும் "ஆமாம், ஆமாம்" என்றேன்.

3

யோசனை என் காரில்தான் வந்தது. மகன் அருண் போன வருடம் எனக்குக் கார் மாற்றிக் கொடுத்தான். அதில் கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங் கையில் உதறும். முதல் தடவை உதறியபோது டயர் வெடித்துவிட்டது என்று ஓரங்கட்டி நிறுத்திவிட்டேன். நாலு டயரையும் சுற்றிவந்து பார்த்தேன். என் மனைவி உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, "நாலும் இருக்கா?" என்றாள்.

பிறகு பழகிவிட்டது. பார்க்க வேண்டியதில்லை, கேட்க வேண்டியதில்லை, கை தெரிந்துகொள்கிறது. அப்போதுதான் ஏகாம்பரம் ஞாபகம் வந்தது.

அருண் வேலை செய்வதே இந்த மாதிரிக் கம்பெனியில்தான். மூனிக்கில் இருக்கிறான். வண்டிகளில், கிரேன்களில், அறுவடை இயந்திரங்களில் இருக்கும் பிடி, குமிழ், லிவர் இவற்றுக்குள் சின்ன மோட்டார் வைத்து, தொடும்போது என்ன உணர்வு வர வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் எழுதி ஏற்றுகிறார்கள். அதே குமிழ் ஒரு சமயம் பல்பல்லாகச் சிக்கிச் சுற்றும், ஒரு சமயம் வெண்ணெய் மாதிரி வழுக்கும், அளவு தாண்டினால் சுவர் மாதிரி நின்றுவிடும். எல்லாம் எழுத்தில் மாற்றிக்கொள்ளலாம். பழைய டிராக்டருக்கும் பொருத்தக்கூடிய ஒரு செட் அவர்களிடம் இருந்தது. பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை ஏற்றி இறக்குகிற ஹைட்ராலிக் லிவருக்கு ஒரு ரப்பர் பிடி, ஸ்டீயரிங்குக்கு ஒரு பட்டை, வண்டிக்குப் பின்னால் தூரம் பார்க்கும் இரண்டு கண், ஒரு பெட்டி. பெட்டிக்குள் சிம் கார்டு. எந்த மாற்றத்தையும் என் போனிலிருந்தே அனுப்பலாம்.

அருணுக்குத் தமிழ் புரியும். பேசும்போது சொற்களைத் தொட்டுத் தொட்டு வைப்பான், சூடான பாத்திரத்தை வைக்கிற மாதிரி.

"அப்பா, சித்தப்பாவுக்குக் கண் சரியில்லைன்னா ஓட்டக் கூடாது. இது கண்ணுக்குப் பதில் இல்லை."

"கழனியில்தானே ஓட்டுகிறான். அங்கே யார் இருக்கிறார்கள்?"

"எனக்குத் தெரியாது. நான் அங்கே ரெண்டு தடவைதான் வந்திருக்கேன்."

மூன்று தடவை. ஒரு தடவை அவனுக்கு இரண்டு வயது. அதை நான் சொல்லவில்லை. ஊழியர் விலையில் செட் வாங்கிக் கொடுத்தான்.

4

பார்சல் அனுப்புகிற இடத்தில் அது என்ன பொருள் என்று கேட்டார்கள். விவசாயக் கருவி என்றேன். மின்சாரம் இருக்கிறதே என்றார்கள். மின்கருவி என்றேன். சிம் கார்டு இருக்கிறதே என்றார்கள். வண்டி உதிரிபாகம் என்று எழுதி அனுப்பினேன். சென்னையில் சுங்கத்தில் பிரித்துப் பார்த்த அதிகாரி, பிடி கையில் துடித்ததும் கீழே போட்டுவிட்டாராம். இது உடம்பு பிடித்துவிடுகிற மசாஜ் கருவி, அதற்கு வரி வேறு என்று எழுதிவிட்டார்.

முருகேசன் மூன்று தடவை மீனம்பாக்கம் போனான். மூன்று நாள் லீவு. மூன்றாவது தடவை, "பெர்ப்பா, இது வேணாம்னுதான் நான் மொதல்லயே சொன்னேன்," என்றான். அவன் முதலிலேயே சொன்னது உண்மைதான். டிராக்டரை விற்றுவிடலாம் என்றவன் அவன். நான் அனுப்புவது டிராக்டரை ஓட வைப்பதற்கு. அவனுக்கு எதிராகத்தான் அவனையே அலைய விட்டேன்.

5

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அரை நாளில் மாட்டிக் கொடுத்தார். வீடியோவில் நான் ஒயர் ஒயராகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி, "இங்கேருந்தே உழுதும் குடுத்துடுங்க," என்றாள்.

அதற்குப் பிறகு எட்டு நாள். அந்த எட்டு நாளை என்னவென்று சொல்வது? ஏகாம்பரம் அதற்குக் 'குறுகுறு' என்று பெயர் வைத்துவிட்டான். தினமும் கழனியிலிருந்தே போன்.

"ண்ணா, நாஷ்டா துன்னியா? நான் இப்பதான் அர ஏக்கரா முடிச்சேன். ரோட்டவேட்டரு மண்ணுல எறங்கி நின்னதும் கையில ஒண்ணு தட்டுது பாரு, 'டக்'குன்னு. திரும்பிப் பாக்கவே வேணாம். தூக்கனாலும் ஒண்ணு தட்டுது. குறுகுறு மச்சான் பக்கத்துலயே குந்திக்கினு கீற மாரி கீது."

"அழுத்தம் போதுமா? இன்னும் பலமாகத் தட்டணுமா?"

"கொஞ்சம் ஏத்து. வண்டி ஆட்டத்துல சில சமயம் தெரியல."

ஆறிலிருந்து ஏழாக்கினேன். மறுநாள் எட்டு. தட்டின் நீளத்தையும் மாற்றினேன். மேசையில் காபி ஆறிக்கொண்டிருக்க, ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி என் தம்பியின் உள்ளங்கையில் எவ்வளவு பலத்தில் தட்ட வேண்டும் என்பதை நான் ஒரு விரலால் நகர்த்திக்கொண்டிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் செய்ததில்லை. முப்பத்தாறு வருடத்தில் அவனோடு பேசியதைவிட அந்த எட்டு நாளில் அதிகம் பேசினேன் என்றுகூடத் தோன்றியது.

ஒன்பதாவது நாள்தான் அந்தத் திங்கட்கிழமை. கழனி மூலையில் தனபாலின் மோட்டார் ரூம். அதுவரை உழுத இடங்களில் பின்னால் எதுவும் கிடையாது, வரப்புதான். பின்னால் ஏதாவது நெருங்கினால் கொடுக்கிற எச்சரிக்கை அன்றுதான் முதல் தடவையாக வேலை செய்தது.

6

சாயங்காலம் ஏகாம்பரத்திடமே கேட்டேன்.

"கையில் என்ன தெரிந்தது?"

"ரெண்டு தட்டு. பளிச்சுனு ரெண்டு. தட் தட். அதான் வந்தேன். மறுபடியும் ரெண்டு. சரி, எடம் கீதுன்னு இன்னும் வந்தேன்."

"இரண்டு தட்டினால் நில்லுடா! எச்சரிக்கை அது!"

"இன்னாண்ணா பேசற? ரெண்டு தட்னா எவன் நிப்பான்?"

எனக்கும் தெரிந்த கணக்குத்தான் அது.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்கும் விளக்கவே வேண்டாம். வைக்கோல் ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஒருவர் பின்பக்கம் நின்று பலகையைத் தட்டுவார். தட் தட் என்று இரண்டு தட்டினால் வா, இடம் இருக்கிறது. ஓங்கி ஒரே ஒரு தட்டு என்றால் நில். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் விசிலுக்கும் அதே கணக்கு. ஒன்று நிறுத்த, இரண்டு போக. மானாம்பதியில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏகாம்பரத்தின் டிரெய்லருக்குப் பின்னால் நின்று முப்பத்தொரு வருடமாக யாராவது ஒருவர் அப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். லீவுக்கு வந்தபோது நானே தட்டியிருக்கிறேன்.

இங்கே அப்படி இல்லை. ஒரு அதிர்வு என்றால் சரி, புரிந்தது. இரண்டு என்றால் ஏதோ தப்பு, நிறுத்து. என் காரில் அப்படி, என் போனில் அப்படி, துணி துவைக்கிற மெஷினில்கூட அப்படி. செட்டோடு வந்ததும் அதுதான். பலம் எவ்வளவு, நீளம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் எட்டு நாள் நகர்த்தினேன். எத்தனை தட்டு என்ற கட்டம் அதே பக்கத்தில், மேலே இருந்து இரண்டாவதாக இருக்கிறது. அதைப் பார்த்தேன். சரியாக இருப்பதாகத் தோன்றியது. அதனால் தாண்டிப் போய்விட்டேன்.

7

அருணுக்குச் சொன்னேன்.

"ஸ்டாண்டர்ட் அதுதான் அப்பா. ரெண்டுன்னா வார்னிங்னுதான் எல்லாரும் எடுத்துப்பாங்க."

"எல்லாரும்னா யாரு?"

"எல்லாரும்."

கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு படிவம் அனுப்பினான். இருபத்திரண்டு கேள்வி, ஜெர்மன் மொழியில். பதினாலாவது கேள்வி: ஓட்டுநர் எத்தனை அதிர்வை உணர்ந்தார்? ஏகாம்பரத்துக்குப் போன் போட்டுக் கேட்டு, இரண்டு என்று எழுதினேன். நாலு நாளில் பதில் வந்தது. கருவி இரண்டு அதிர்வு கொடுத்திருக்கிறது, ஓட்டுநர் இரண்டு அதிர்வை உணர்ந்திருக்கிறார், ஆகவே கருவி சரியாக வேலை செய்திருக்கிறது, புகார் முடித்துவைக்கப்படுகிறது. நன்றி.

தனபாலிடம் முருகேசன் பேசி முடித்தான். மோட்டார் ரூம் சுவர், ஸ்டார்ட்டர் பெட்டி, இரண்டுக்கும் நான் பணம் அனுப்பினேன். தனபால் நல்ல மனிதர். "வேணும்னேவா இடிச்சாரு? ஆனா ஒரு வார்த்த சொல்றேன், கேளுங்க. அவரு வண்டி சத்தம் கேட்டாலே என் சம்சாரம் இப்ப வூட்டுக்குள்ள ஓடுது," என்று என்னிடமே போனில் சொன்னார்.

தட்டுக் கணக்கை மாற்ற எனக்கு நாலு நிமிடம் ஆனது. நிற்க ஒன்று, பலமாக, நீளமாக. பின்னால் இடம் இருந்தால் இரண்டு. ரோட்டவேட்டர் ஏறி இறங்குவதற்குத் தட்டே வேண்டாம், லேசான நடுக்கம் போதும். போனில் எழுதி வைத்துவிட்டேன். 'அனுப்பு' என்று ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் அடுத்த நிமிடம் மானாம்பதியில் டிராக்டருக்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

தொடப் போகும்போது முருகேசன் போன்.

"பெர்ப்பா, மாத்திட்டீங்களா?"

"இப்போதுதான் அனுப்பப் போகிறேன். ஏன்?"

"மாத்தாதீங்க." அவன் குரல் இறங்கியிருந்தது. பக்கத்தில் மெஷின் சத்தம், கம்பெனியிலிருந்து பேசுகிறான் போல. "சாவி அவரு இடுப்புலதான் கீது. பெத்த அப்பன்கிட்டருந்து நான் எப்டி புடுங்கறது? ஆனா அண்ணன் சரி பண்ணித் தர்ற வரிக்கும் ஏற மாட்டேன்னு அவரே சொல்லிட்டாரு. நீங்க சரி பண்ணிட்டா ஏறிடுவாரு. தொட்டியாண்ட அந்தம்மா ஒரு நிமிசம் லேட்டா குதிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்னு யோசிச்சிப் பாருங்க."

யோசிக்காமல் இல்லை.

ஒரு தடவை நேராகவே சொல்லிப் பார்த்தேன். "ஏகா, போதும்டா. டிராக்டரை விட்டுவிடு."

"அப்பறம் எதுக்கு அனுப்பன?" என்றான். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டான். "வுட்டுட சொல்றவன் அன்னிக்கே சொல்லிருக்கலாம்ல? எட்டு நாளு ஓட்டனேன்ல? நல்லாத்தான ஓட்டனேன்?"

"நன்றாக ஓட்டினாய்."

"தப்பு என் கண்ணுலயா, தட்டுலயா?"

"தட்டில்தான்."

"அப்ப தட்ட சரி பண்ணு."

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? அவன் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பு கிடையாது. தனபால் சொன்னதிலும் முருகேசன் சொன்னதிலும் கிடையாது. அருண் முதல் நாள் சொன்னதிலும்கூட.

8

அன்று ஏகாம்பரத்திடம் நான் சொன்னது இதுதான்: "கம்பெனியில் மாற்றித் தர வேண்டும், எழுதிப் போட்டிருக்கிறேன், கொஞ்ச நாள் ஆகும்."

சம்பா உழவு காத்திருக்காது. வேறு டிராக்டர் வாடகைக்கு வைத்து அவன் நாலு ஏக்கரும் உழுதாகிவிட்டது. அந்தப் பணத்தையும் நான்தான் அனுப்பினேன். கம்பெனி கொடுத்த நஷ்ட ஈடு என்று சொன்னேன். "வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்," என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். அவன் வரப்பில் நின்றுகொண்டு, வாடகை டிரைவர் மூலையில் இரண்டு முழம் விட்டுவிட்டான் என்று கத்தினானாம். எப்படித் தெரிந்தது என்று முருகேசன் கேட்டதற்கு, நடந்து பார்த்தேன், காலுக்குத் தெரிந்தது என்றானாம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்கிறான்.

"வந்துச்சாண்ணா?"

"இன்னும் இல்லடா."

"அங்கயும் நம்ம தாலுக்கா ஆபீஸ் மாரிதான் போல."

"அதைவிட மோசம்."

சிரிப்பான். வண்டியை வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து, இருந்த இடத்திலேயே ஓட விட்டு நிறுத்துகிறானாம். பிடியில் மண் படாமல் துணி சுற்றி வைத்திருக்கிறானாம். அடுத்த உழவுக்குள் வந்துவிடும் என்று சாலவாக்கத்தில் இரண்டு பேரிடம் வேலை ஒப்புக்கொண்டிருக்கிறான். அதைக் கேட்ட அன்று பச்சைப் பொத்தான் இருக்கும் பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, போனை என் கையிலிருந்து வாங்கிச் சார்ஜில் போட்டாள். மறுநாளும் எடுத்துப் பார்த்தேன். அனுப்பவும் இல்லை, அழிக்கவும் இல்லை.

ஏகாம்பரத்துக்கு வரி தவறாமல் இந்த எழுத்தைப் படிக்கிற அளவுக்குக் கண் இல்லை. உத்திரமேரூரில், மானாம்பதியில், இந்தக் குறிப்பைப் படிக்கிறவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், தயவு செய்து அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். டீக்கடையில் உரக்கவும் படிக்க வேண்டாம். அவன் காது நன்றாகக் கேட்கும்.

செட், பார்சல், சுங்கம், மாட்டிக்கொடுத்த கூலி, தனபால் மோட்டார் ரூம், அவர் மனைவி முழங்கைக்கு எக்ஸ்ரே, டிராக்டர் ரிப்பேர், நஷ்ட ஈடு என்று நான் பொய் சொல்லி அனுப்பிய உழவு வாடகை, எல்லாம் சேர்த்து மூன்று தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன்: ஒரு லட்சத்து ஐம்பத்தோராயிரத்து ஐம்பது ரூபாய்.